இடது தாடையில் ஒரு வெளிச்சம்

சோழவந்தானிலிருந்து மதுரைக்கு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு இதுவரை யாரும் பயணக் கட்டுரை எழுதியதாகத் தெரியவில்லை. என் பங்காளி ஒருவன் மலேசியா போய்வந்து ஆறு மாதம் அதையே பேசினான். வாரம் மூன்று நாள் வெற்றிலைக் கூடையோடு மதுரைக்குப் போய்வருகிற எனக்குப் பேச என்ன இருக்கிறது என்று சும்மா இருந்தேன். சென்ற மார்கழியில் ஒரு வாரம் அதே சாலையில் போய்வந்தேன். கூடையில்லாமல், மனைவியோடு. மலேசியா என்ன மலேசியா.

மனைவி பெயர் முத்துலட்சுமி. இரண்டு வருடங்களுக்கு முன் சினைப்பையில் புற்றுநோய் என்று வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். அதன் பிறகு மருந்து ஏற்றினார்கள். உதிர்ந்த முடி சுருட்டையாக முளைத்தது. "கல்யாணத்தப்ப கேட்டேன், இப்பத்தேன் குடுத்துருக்காக" என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மறுபடி உடம்பு போட ஆரம்பித்திருந்த நேரத்தில், ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் மெதுவாக ஏறியது. பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கையில் இரண்டு கேள்விக்குறிகள். அடிவயிற்றில் ஏதோ இருக்கலாம், மூத்திரப்பையின் வெளிச்சம் மறைக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இது முதலாவது. இடது தாடைப் பக்கம் ஒரு வெளிச்சம் தெரிகிறது, கவனிக்கவும். இது இரண்டாவது.

அடிவயிறு எதிர்பார்த்ததுதான். தாடைதான் என்னைச் சாய்த்தது. வயிற்றிலிருந்து தாடைக்கு ஏறியிருந்தால் நடுவில் எத்தனை ஊர் தாண்டியிருக்கும் என்று படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பல் டாக்டர் பார்த்தார், வாய்க்குள் விளக்கடித்தார், ஒன்றுமில்லை என்றார். ஒன்றும் தெரியவில்லை என்றாரா, ஒன்றும் இல்லை என்றாரா என்று வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் வந்து, மறுநாள் திரும்பப் போய்க் கேட்டேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி என் வாயைப் பார்த்தார். எனக்குத்தான் இரண்டு பல் எடுக்க வேண்டியிருக்கிறதாம்.

அப்போதுதான் அவளுக்கு வைத்தியம் பார்க்கிற மதுரை டாக்டர் புதிதாக ஒரு ஸ்கேனைப் பற்றிச் சொன்னார். ஆராய்ச்சிக்காகச் சிலருக்கு மட்டும் எடுக்கிறார்களாம். சாதாரண பெட் ஸ்கேனில் ஏற்றுவது கதிர் கலந்த சர்க்கரை. உடம்பில் எது அதிகமாகச் சர்க்கரை குடிக்கிறதோ அது மின்னும்; நல்லவன் கெட்டவன் பார்க்காது. இதில் ஏற்றுவது ஆன்டிபாடி. இந்தப் புற்றுநோய் செல்லின் மேல்தோலில் இருக்கிற ஒரு புரதத்தை அடையாளம் கண்டு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் முதுகில் கதிர் மருந்தை ஏற்றி அனுப்புவார்கள். எங்கே ஒட்டுகிறதோ அங்கே வெளிச்சம்.

"ஆனா மெதுவாத்தான் போகும். திங்கட்கிழமை ஊசி போட்டா வெள்ளிக்கிழமைதான் படம் எடுக்க முடியும்" என்றார் டாக்டர்.

"நாலு நாளா? டில்லிக்கே ரெண்டு நாள்ல போயிரலாமே டாக்டர்."

"இது எல்லா வீட்டுக் கதவையும் தட்டிப் பாத்துக்கிட்டே போகுது, சார்."

சிரிக்கலாமா என்று முத்துலட்சுமி முகத்தைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். மருந்து வரவில்லை. வடக்கே ஏதோ ஊரில் தயாராகி விமானத்தில் வரவேண்டுமாம், அங்கே பனிமூட்டம். என் வீட்டில் விமானம் ஏறியவர் யாருமில்லை. முதன்முதலாக ஏறி வருகிறது ஒரு ஊசி மருந்து, அதுவும் தாமதமாக.

இந்த ஸ்கேனுக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல். பயம் வந்தால் எனக்கு வயிறு மூடாது, திறக்கும். கேண்டீனில் வெண்பொங்கல், அதற்கு மேல் ஒரு ஊத்தப்பம், பத்தரைக்கு இரண்டு உளுந்த வடை. முத்துலட்சுமி ஒரு இட்லியை நான்காகப் பிய்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யாருக்குங்க ஸ்கேனு?"

"ஒனக்குத்தான்."

"நீங்க தின்றதப் பாத்தா தூக்குத் தண்டனைக்காரன் மாதிரியில்ல இருக்கு."

வடையை முடித்துவிட்டுக் கை கழுவப் போகிற வழியில் சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை. சர்க்கரை ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கான விதிகள். எனக்கு வேண்டாததுதான், ஆனால் பயந்தவன் எதையும் படிப்பான், தீயணைப்புக் கருவியின் தயாரிப்புத் தேதி உட்பட. ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது. ஊசி போட்ட பிறகு நடக்கக் கூடாது, பேசக் கூடாது. எதையும் மெல்லக் கூடாது. வேலை செய்யும் தசை சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்ளும், படத்தில் வெளிச்சமாகத் தெரிந்து குழப்பும்.

மெல்லக் கூடாது.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். கையிலிருந்த சட்னி காய்ந்துவிட்டது.

போன மாதம் அந்தச் சர்க்கரை ஸ்கேன் நடந்தது வேறொரு இடத்தில். ஊசி போட்டுத் தனி அறையில் ஒரு மணி நேரம் படுக்க வைத்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில் கொடுக்க என்னை ஒரு நிமிடம் உள்ளே விட்டார்கள். கூடவே சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து நீட்டினேன். சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் எங்கள் ஊரில் வெற்றிலையை யார் சாப்பாடு என்று சொல்லியிருக்கிறார்கள்? சாப்பிட்டுவிட்டுப் போடுவது அது. வெற்றிலைக் கொடிக்காலில் பிறந்து வளர்ந்தவள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இடது கன்னத்தில்தான் அடக்குவாள், இடது பக்கம்தான் மெல்லுவாள். வலது பக்கம் மென்று நான் பார்த்ததேயில்லை.

ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடாத தாடை வெளிச்சம் நான் மடித்துக் கொடுத்ததாக இருக்கலாம். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் வியர்த்தது. சொன்னால் என்ன ஆகும்? "ஒழுங்காக ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளத் தெரியாதவர்களை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டால்? அதைவிட, முத்துலட்சுமிக்கு என்ன பதில் சொல்வது? பல் டாக்டர் வாய்க்குள் விளக்கடித்தபோது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கை கழுவாமலே திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மதியம் இரண்டரைக்கு மருந்து வந்தது. சுண்டுவிரல் அளவு ஊசி. அதைச் சுற்றி ஈயச் சட்டி, அதற்கு ஒரு தள்ளுவண்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். சப்பரம் வருகிற மாதிரி இருந்தது. என்னை அறியாமல் எழுந்து நின்றேன். முத்துலட்சுமி ஊசி போடும் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். போட்டுக்கொண்டே வரலாம் என்று நர்ஸ் சொன்னார். "கொடிக்காலுக்குள்ள செருப்போட போக மாட்டோம்மா, பழகிப்போச்சு" என்றாள்.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குச் சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி அதிக நேரம் இருக்க வேண்டாம். ஆபத்து பெரிதில்லை, எச்சரிக்கைதான். அந்த ஒரு வரியில் எங்கள் ஏற்பாடு கவிழ்ந்தது. கோச்சடையில் முத்துலட்சுமியின் தம்பி கண்ணன் வீட்டில் அந்த வாரம் தங்குவதாக இருந்தோம். கண்ணனின் மகள் எட்டு மாதக் கர்ப்பத்தோடு பிரசவத்துக்காக அங்கேதான் இருக்கிறாள். பெண்ணுக்குத் தலை பின்னிவிட, காலுக்கு எண்ணெய் தேய்க்க என்று அத்தைக்காரி பெட்டி நிறையத் திட்டம் கட்டி வந்திருந்தாள். பெட்டியோடு சோழவந்தான் பேருந்தில் ஏறினோம்.

பேருந்தில் கூட்டம். முத்துலட்சுமிக்குப் பெண்கள் பக்கம் இருவர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் கிடைத்தது. நான் அதன் கம்பியைப் பிடித்து நின்றேன். இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு பெண் ஏறினாள். ஏழு மாதமாவது இருக்கும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முத்துலட்சுமி சட்டென்று எழுந்தாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது.

"ஏன் எந்திரிக்கிறீக? நான் உக்காந்தா தீட்டு ஒட்டிக்கிருமோ?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். முன்னால் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். நான் என் மூளையின் முழு வேகத்தில் யோசித்து, "அவளுக்கு வாந்தி வரும்மா" என்றேன்.

"வாந்தி வந்தா ஜன்னல் பக்கம்ல இருக்கணும்" என்றாள் அவள். நியாயமான பேச்சு.

முத்துலட்சுமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் குனிந்தாள். "அதில்ல தாயி. எனக்குச் சினைப்பைல புத்துநோய் வந்துச்சு. திரும்ப வந்துருக்கான்னு பாக்கக் கதிர் மருந்து ஊசி போட்டுருக்காக. வயித்துப் பிள்ளக்காரி பக்கத்துல ஒக்காராதன்னாக. ஒன்னயச் சொல்லல. என்னயச் சொன்னது."

அந்தப் பெண் ஒரு கையை வயிற்றில் வைத்தாள். பிறகு இருக்கையின் கம்பியைப் பிடித்து எழுந்தாள். "அப்ப நீங்க உக்காருங்கக்கா. நான் நின்டுக்கிறேன்."

"நீ எப்படித்தா நிப்ப, உக்காரு."

"நீங்கதான் நோயாளி."

இரண்டு பேரும் நின்றார்கள். அவ்வளவு கூட்டத்தில் நடுவே ஒரு இருக்கை காலியாகக் கிடந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர், விஷயத்தைக் கேட்டு, "ஏத்தா, நீ முன்னால வா, என் சீட்டுல உக்காரு" என்று அவளைக் கூட்டிப் போனார். போகும்போது அவள் திரும்பி, "நல்லாயிரும்க்கா" என்றாள்.

முத்துலட்சுமி மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலி. சமயநல்லூர் வந்தது, இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். ஏறியவர்களுக்கு நின்றவர்கள் காதில் சொன்னார்கள். யாரும் அங்கே உட்காரவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், வயலைப் பார்க்கிற மாதிரி. பெண்கள் இருக்கை என்று எழுதியிருந்ததை ஒரு தடவை படித்துவிட்டு நான் போய் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க, திட்டப் போறாக."

"எவன் திட்டுவான்? பக்கத்துல வந்தாத்தான திட்ட முடியும்."

அவள் தோள் குலுங்கியது. சிரிப்பு என்று நினைத்தேன். சோழவந்தானில் இறங்கும்போது முந்தானையின் ஓரம் ஈரமாக இருந்தது.

அடுத்த மூன்று நாளைப் பற்றி எழுத அதிகமில்லை. வீட்டிலிருந்து கொடிக்கால், கொடிக்காலிலிருந்து வீடு. வெற்றிலையை அடுக்கி நூறு நூறாகக் கவுளி கட்டுவது முத்துலட்சுமியின் வேலை. விரல் தானாக எண்ணும். அந்த வாரம் நான் கட்டினேன். கடைக்காரர் ஒருவர் போனில், "அண்ணே, ஒரு கவுளில எண்பத்தாறு இருக்கு, ஒண்ணுல நூத்துப் பதிமூணு இருக்கு, என்னண்ணே புதுக் கணக்கு?" என்றார். இந்நேரம் ஆன்டிபாடி எந்தத் தெருவில் இருக்கும், எந்தக் கதவைத் தட்டும் என்று நினைத்துக்கொண்டே எண்ணினால் நூறு எப்படி வரும்?

வெற்றிலை விஷயத்தைச் சொல்லத் தினமும் மூன்று தடவை முயன்றேன். புதன்கிழமை சாப்பிடும்போது, "முத்து, ஒண்ணு சொல்லணும்" என்றேன். சோற்றுக் கரண்டியோடு நின்றாள். "ரசத்துல உப்பு கம்மி" என்றேன். ரசத்தை வைத்ததே நான்தான்.

வெள்ளிக்கிழமை கண்ணன் தன் ஆட்டோவைக் கொண்டுவந்தான். பேருந்தில் இனி அக்காளை ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம். போகும் வழியில் கோச்சடைக்கு முன்னால் ஆட்டோ நின்றுவிட்டது. அவன் இழுக்க வேண்டிய கயிற்றையெல்லாம் இழுத்தான்.

"மச்சான், எறங்கித் தள்ளுங்க."

"மாப்ள, இதுக்குப் பஸ்ஸே தேவல."

"பஸ்ஸுல பொம்பள சீட்டுல உக்காந்து வந்தவருக்கு அது தேவலயாத்தான் இருக்கும்."

முத்துலட்சுமி ஆட்டோவுக்குள் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க, நான் தள்ளினேன். மூச்சு வாங்கியது. ஒரு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.

ஸ்கேன் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. என்னை வெளியே வைத்துவிட்டார்கள். கதவு திறந்து மூடும்போது கண்ணாடி வழியே உள்ளே ஒரு திரை தெரிந்தது. கறுப்பில் மனித உருவம், வயிற்றின் மேல்பக்கம் முழுக்க உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம். எரிகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என்னைப் பார்த்து நர்ஸ் ஓடிவந்தார்.

"என்னாச்சு சார்?"

"எரியுது" என்றேன், கதவைக் காட்டி.

"அது கல்லீரல் சார். ஆன்டிபாடி கழியிறதே அது வழியாத்தான். யாருக்கு எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு எடுத்தாலும்." கையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தைத் திணித்தார். முத்துலட்சுமி வெளியே வந்தபோது நோயாளிகள் படுக்கையில் நான் படுத்திருந்தேன். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினாள். அந்தப் பக்கம் போன பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "பாவம், எந்த எடத்துலக்கா?" என்று அவளிடம் விசாரித்தாள். "பயத்துல" என்றாள்.

சனிக்கிழமை டாக்டர் அறை. மேசையின் இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் அவரும் திரையும். கல்லீரலைப் பார்த்ததும் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி தலையாட்டினேன்.

டாக்டர் முதலில் தலைப் பகுதியைக் காட்டினார். "தாடையில ஒண்ணுமே ஒட்டல. சுத்தமா இருட்டு. போன ஸ்கேன்ல அங்க தெரிஞ்சது தசையாத்தான் இருக்கணும்." இரண்டு பேரையும் பார்த்தார். "அன்னிக்கு ஊசி போட்ட பிறகு எதையாவது மென்னீங்களாம்மா?"

நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தேன் டாக்டர்" என்றாள் முத்துலட்சுமி. "வெத்தல போட்டேன். இவுகளுக்குத் தெரியாது."

"நான்தான் டாக்டர் மடிச்சுக் குடுத்தேன்" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் அவள் பக்கம் திரும்பினேன். "ஒனக்குத் தெரியுமா?"

"அங்கனயும் செவுத்துல எழுதிப் போட்டிருந்துச்சுல்ல. மெல்லப்படாதுன்னு."

"அப்புறம் எதுக்குப் போட்ட?"

"நீங்க கை நடுங்கிக்கிட்டே நீட்டுனீக. வேணாம்னா இன்னும்ல நடுங்குவீக." சேலை ஓரத்தைச் சரிசெய்தாள். "சொன்னா ஒங்களைத் திட்டுவாகன்னு இருந்துட்டேன். அதுவாத்தேன் இருக்கும்னு நெனச்சேன். ஆனா எனக்கும் நிச்சயமாத் தெரியலயே."

ஒரு மாதம். ஒரே கட்டிலில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. தாடை போய்விட்டது என்றால் எல்லாமே போய்விட்டது என்று என் மனம் கணக்கை முடித்துவிட்டிருந்தது.

டாக்டர் படத்தைக் கீழே நகர்த்தினார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து முதலில் போனது.

"இங்க பாருங்க." அடிவயிற்றின் வலது ஓரம். மொச்சை அளவுக்கு ஒரு புள்ளி. சுற்றிலும் இருட்டாக இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. "போன தடவை மூத்திரப்பை வெளிச்சத்துக்குப் பின்னாடி மறைஞ்சது இதுதான். திரும்ப வந்திருக்கு."

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு பேச்சு வரும். சாவு வீட்டில்கூட வரும். வரவில்லை.

"வேற எடத்துல?" என்றாள் முத்துலட்சுமி.

"வேற எங்கயும் ஒட்டல. இது ஒண்ணுதான். நல்லா ஒதுங்கின இடம். சர்ஜன்கிட்ட பேசிட்டேன், எடுத்துரலாம்ங்கிறார். எடுத்த பிறகு மறுபடி மருந்து ஏத்தணும். இது புது மாதிரி ஸ்கேன், அதனால சதை எடுத்துப் பரிசோதிச்சுத்தான் முழுசா உறுதி சொல்ல முடியும். ஆனா ஒளிஞ்சிருக்கப்பவே பாத்துட்டோம்."

"ஒண்ணு" என்றாள் அவள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டு நின்றது, கவுளி எண்ணத் தொடங்குகிற மாதிரி. அதற்கு மேல் நகரவில்லை.

கண்ணனின் ஆட்டோவிலேயே வீடு திரும்பினோம். கோச்சடையில் அவன் தெரு வந்தபோது, "நிறுத்துடா" என்றாள். இறங்கி, வாசல் கேட்டுக்குப் பத்தடி தள்ளித் தெருவிலேயே நின்றாள். தாளில் சொன்ன ஒரு வாரம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. கண்ணன் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"உள்ள வாங்கத்தை."

"வரப்படாது. அங்கயே நில்லு." ஏற இறங்கப் பார்த்தாள். "வயிறு எறங்கிருச்சுல்ல. இன்னும் எம்புட்டு நாளு?"

"மூணு வாரம்னாகத்தை. ஸ்கேன்ல என்ன சொன்னாக?"

"ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வாரேன்." சந்தைக்குப் போய்வருகிறேன் என்கிற குரல்தான். "பிள்ளைய மொதல்ல நாந்தேன் தூக்கணும். நான் வரங்குள்ள வேற யாரு கையிலயும் குடுத்துராத."

அந்தப் பெண் தலையாட்டினாள்.

ஆட்டோவில் ஏறியதும் முத்துலட்சுமி என் முன்னால் கையை நீட்டினாள். நான் சட்டைப் பையைத் தொட்டேன். கைதொட்ட இடத்தில் வெற்றிலை இருந்தது, எப்போதும் இருப்பதுதான். சுண்ணாம்பை எடுத்தேன்.

"வெறும் எலை போதும். பாக்கு போடுறத விடச் சொல்லி அந்தப் பல் டாக்டரு சொன்னாருல்ல."

காம்பைக் கிள்ளிக் கொடுத்தேன். கை நடுங்கியது. அவள் கவனித்தாள். இலையை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என் வாயில் வைத்தாள். மறு பாதியைத் தன் வலது கன்னத்தில் அடக்கினாள். பழக்கமில்லாத பக்கம், ஒழுங்காக மெல்ல வரவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னத்துக்கு இந்தப் பக்கம்?" என்றேன்.

"அந்தப் பக்கத்துக்கு ஒரு மாசமா அம்புட்டுக் கெட்ட பேரு. கொஞ்ச நாளு ரெஸ்ட்டு குடுப்போம்."

கண்ணன் கயிற்றை இழுத்தான். வண்டி கிளம்பவில்லை. நான் இறங்கித் தள்ளப் போனேன்.